பட்டாணி சைஸில் ஒரு வேட்டைக்காரன்!

கடலோர மக்கள் 'பேத்தை' என்று சொல்லும் மீன் குடும்பத்தின் பொடிசு, மலபார் பஃபர். கேரளத்தின் பம்பை ஆற்றிலிருந்து 1941-ல் ஹோரா, நாயர் என்ற ஆய்வாளர்கள் உலகுக்கு அறிமுகப்படுத்திய மீன். முழுதாக வளர்ந்தாலும் மூன்றரை சென்டிமீட்டர்தான். கண்ணை உருட்டி உருட்டி ஆளைப் பார்க்கும். அந்த அழகில் மயங்கி, மேஜை மேல் வைக்கும் குடுவையோடு சேர்த்து வாங்கிப் போகிறார்கள். பாவம் அந்த மீன்!

தொட்டிதான் முதலில், மீன் அப்புறம். மீன் கழிவின் அம்மோனியாவை உடைக்கும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் குடியேறவே நாலைந்து வாரம் ஆகும். வெறும் தண்ணீரில் அவை பெருகாது. கொஞ்சம் அம்மோனியா விட வேண்டும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீனை விடலாம்.

உருண்டைத் தீவனத்தைப் பெரும்பாலும் சீண்டாது. குட்டி நத்தை வேண்டும். அதன் எதிரே அசையாமல் நின்று, ஓட்டுக்குள்ளிருந்து தலை நீளும்வரை காத்திருக்கும். நீண்டதும் ஒரே கடி! வளர்ந்துகொண்டே இருக்கும் பல்லும் ஓட்டில் பட்டுத் தேயும். கப்பியைக் கூட விட்டால் அதன் வால் மிஞ்சாது. தங்களுக்குள்ளும் அடித்துக்கொள்ளும் என்பதால், ஒளிந்துகொள்ள அடர்த்தியாகச் செடி அவசியம்.

உலக சிவப்புப் பட்டியலில் இது அழியும் ஆபத்துள்ள இனம். கடைக்கு வருபவற்றில் ஆற்றில் பிடித்தவையும் உண்டு. இத்தனைக்கும் தொட்டிப் பாசியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். 'தொட்டியில் பிறந்ததா?' என்று கடைக்காரரிடம் கேளுங்கள். மழுப்பினால், வெறுங்கையோடு கிளம்பிவிடலாம்.