மூன்று நாள் பாங்காக், நடு நாள் அம்மாவுக்கு

ஆயர் தாவாரிலிருந்து பாங்காக் போக இரண்டு வழி. காரில் பினாங்கு போய் விமானம் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் டோன் முவாங்கில் இறங்கிவிடலாம். அல்லது ஈப்போவில் இடிஎஸ் ஏறி, பாடாங் பெசாரில் இறங்கி, மாலையில் புறப்படும் தாய்லாந்து ரயிலில் படுத்துத் தூங்கி, மறுநாள் காலை போய்ச் சேரலாம். அவசரக்காரர்களுக்கு முதல் வழிதான் சரி. நாங்கள் ரயிலில் போய் விமானத்தில் திரும்புகிறோம். காரணம் அம்மா. அவருக்கு வயது 84.

வரும் பள்ளி விடுமுறைக்கு மூன்று நாள் பாங்காக் என்று வீட்டில் பேச்சு எழுந்ததுமே, கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் ஒரு பட்டியல் அனுப்பிவிட்டாள். அரண்மனை, வாட் அருண், சாத்துச்சாக் சந்தை, ஐக்கோன்சயாம், மிதக்கும் சந்தை, இரவில் படகுச் சவாரி. மகன் அதில் இரண்டு சாப்பாட்டுக் கடைகளைச் சேர்த்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "அங்கேருந்து சயாம் ரயிலுக்கு எவ்வளவு தூரம் தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

ஜப்பான்காரன் வந்தபோது அம்மா கைக்குழந்தை. இன்று செம்பனை நிற்கும் இந்தப் பகுதியில் அப்போதெல்லாம் ரப்பர்த் தோட்டங்கள். 1943-இல் தாத்தாவை லயத்திலிருந்து சயாமுக்குக் கூட்டிப் போனார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொன்னார்களாம். பாட்டி சாகும்வரை பொட்டை அழிக்கவில்லை. இறந்துவிட்டார் என்று யாரும் வந்து சொல்லாதபோது எப்படி அழிப்பது? தாத்தாவின் ஒரு புகைப்படம்கூட எங்களிடம் கிடையாது.

பேராக்கில் இப்படிப்பட்ட கதை இல்லாத தோட்டக் குடும்பங்கள் குறைவு. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களின் எண்ணிக்கையை ஆய்வாளர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். மகளுக்கு இந்தப் பாதை 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் மூலம்தான் தெரியும். 1957-இல் வந்த அந்தப் படத்தை எடுத்ததே இலங்கையின் கித்துல்கலையில். வெள்ளைக்காரக் கைதிகளின் கதை அது. நம் ஆட்களைத் தேட வேண்டுமானால் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலுக்குத்தான் போக வேண்டும். ரயிலில் படிக்க அதை எடுத்து வைத்திருக்கிறேன். அவள் படிக்கிறாளா பார்ப்போம்.

ஆக, திட்டம் இப்படி மாறியது. வியாழன் காலை ஈப்போ. பாடாங் பெசாரில் இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஒரே நிலையத்தில் முடிந்துவிடும். தாய்லாந்துக் கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால் என்பதை மறக்க வேண்டாம். 2025 மே முதல் வருகைப் பதிவை இணையத்தில் செய்வது கட்டாயம்; பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. காசு கேட்கும் இணையத்தளம் எதுவானாலும் விலகிவிடுங்கள். ரயிலில் கீழ்ப்படுக்கைக்குக் கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் அகலம். முதியவர்கள் இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும், அதுவும் முன்கூட்டியே. முதலில் விற்றுத் தீர்வது அதுதான்.

தோட்டத்து ஆட்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுபோனதும் இதே தடத்தில்தான். பான் போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடத்தினார்கள். எங்கள் வண்டியும் வெள்ளிக்கிழமை காலை பான் போங்கைத் தாண்டித்தான் பாங்காக் போகும். அம்மாவை அப்போது எழுப்ப வேண்டியிருக்காது, அவர் நாலு மணிக்கே எழுகிறவர்.

சனிக்கிழமை காஞ்சனபுரி. பாங்காக்கிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். அம்மாவின் முழங்காலை நினைத்து வேன் பேசலாம் என்றேன், மனைவியும் அதையே சொன்னாள். அம்மா கேட்கவில்லை. தோன்புரி நிலையத்திலிருந்து காலை எட்டு மணிக்குச் சற்று முன்னால் நாம் தோக் வண்டி புறப்படும். மூன்றாம் வகுப்பு, குளிர்சாதனம் கிடையாது, வெளிநாட்டவருக்கு 100 பாட். நோங் பிளாடுக் சந்திப்பில் அது கிளை பிரிந்ததும் ஓடுவது அந்தப் பழைய தடம்தான். "எங்கப்பா போட்ட ரோட்டுலயே போறேன்" என்று அம்மா சொன்ன பிறகு வேன் பேச்சு நின்றுவிட்டது. திரும்பி வர மட்டும் வேன்; இதற்குச் சம்மதம் வாங்கவே இரண்டு நாள் ஆனது.

காஞ்சனபுரி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் போர்க் கல்லறை. ஏறக்குறைய 7,000 நேசநாட்டுக் கைதிகளின் கல்லறைகள், வெட்டிய புல், பூச்செடிகள். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அங்கே தமிழ்ப் பெயரைத் தேடாதீர்கள் என்று அம்மாவுக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறேன். ஆசியத் தொழிலாளர்களைத் தனித்தனியாகப் புதைத்துப் பெயர் எழுத யாரும் இல்லை. பக்கத்திலேயே வாட் தவோர்ன் வராராம் என்ற புத்தக் கோயில் இருக்கிறது. இறந்த தமிழர்களுக்காக 2023-இல் நடுகல் வைத்தது அங்கேதான். எங்களுக்கு அந்த நாளின் முக்கிய இடமும் அதுதான். பாலம், அருங்காட்சியகம் எல்லாம் நேரமும் காலும் இடம்கொடுத்தால். வடக்கே 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹெல்ஃபயர் கணவாய் இந்த முறை இல்லை. படிக்கட்டு அதிகம்.

ஞாயிறு முழுக்கப் பிள்ளைகளுடையது. அரண்மனை எட்டரை மணிக்குத் திறக்கும், 500 பாட். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சேலைக்கு ஆட்சேபம் இல்லை, மகன்தான் நீளக் காற்சட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன்" என்று துக்துக்காரர் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நடந்துவிடுங்கள். சாத்துச்சாக் சந்தை முழுதாக இயங்குவது சனி, ஞாயிறு மட்டும். அதன் பக்கத்து நிலையத்திலிருந்து சிவப்பு ரயிலில் நேராக டோன் முவாங் விமான நிலையம். மாலை விமானம், பினாங்கு, இரவில் வீடு. மிதக்கும் சந்தையும் படகுச் சவாரியும் அடிபட்டுப் போயின. மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு அவளே போன் செய்து, பாட்டியிடம் தாத்தாவின் முழுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

மிச்சமிருப்பது வெள்ளிக்கிழமை. சீலோம் சாலை மாரியம்மன் கோயிலை ஞாயிறு மாலைக்கு ஒதுக்கியிருந்தோம். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில். இன்று கும்பிட வருகிறவர்களில் பாதிக்கு மேல் தாய்லாந்து மக்களாகத்தான் இருப்பார்கள். வாட் கேக் என்றால்தான் டாக்சிக்காரருக்குப் புரியும். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

போன வாரம் அம்மா கேட்டார்: "நடுகல்லுக்குத் தேங்காய் உடைக்கணுமே, அங்கே கிடைக்குமா?" தாய்லாந்தில் தேங்காய்க்கா பஞ்சம் என்றேன். "குடுமியோட கிடைக்குமா?" என்றார். காஞ்சனபுரிச் சந்தையில் அதைத் தேட முடியாது. சீலோம் கோயில் வாசல் கடைகளில் தேங்காய், வாழைப்பழம், மாலை எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். அதனால் கோயிலை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டோம். சூடத்தை மட்டும் ஆயர் தாவாரிலேயே வாங்கி அம்மா பையில் வைத்துவிட்டார்.