வியன்னாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

என் கணவருக்கு ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் நாலு நாள் மாநாடு. ஐந்து வயதுப் பையனோடு நானும் கிளம்பினேன். மாநாட்டு மண்டபம் டான்யூப் நதிக்கு அந்தப் பக்கம். ஊர் நடுவிலிருந்து 'யு1' பாதாள ரயிலில் பத்தே நிமிஷம்தான்.

மறுநாள் ஞாயிறு. இவர் மாநாட்டுக்குப் போயாச்சு. பையனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினால், கதவு சாத்தியிருக்கிறது! அங்கே ஞாயிறு என்றால் பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் கதவிலிருந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. அன்று முறைப்படி திறந்திருக்கும் மருந்துக்கடையின் விலாசம்! வழி கேட்டுப் போய் மருந்து வாங்கினேன்.

போகிற சகோதரிகளே, காய்ச்சல் மருந்தை டாக்டர் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள். மருந்துக்கடைக்குச் சிவப்பு 'ஏ' எழுத்துதான் அடையாளம். ஆம்புலன்சுக்கு 144. பால், ரொட்டியைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். விட்டுப்போனால், பெரிய ரயில் நிலையங்களில் சில கடைகள் இருக்கும். தண்ணீருக்கு மட்டும் காசு செலவழிக்க வேண்டாம். 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர் குழாயில் வருகிறது, அப்படியே குடிக்கலாம்.

அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைக்கு அன்று முழுக்க மடக்கு மடக்காய்க் கொடுத்தேன். சாயங்காலம் "அம்மா, பசிக்குது" என்றானே, அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது!