சுவருக்குப் பின்னால்

பதுளை டவுனில் என்னைக் கொந்தராத்துக்கார நானா என்பார்கள். தோட்டத்துக்குள் போனால் அதே சொல் 'கொந்தரப்பு' ஆகிவிடும். புல் வெட்டினாலும் சரி, வீடு கட்டினாலும் சரி, நாள் சம்பளத்துக்கு வெளியே பேசி முடித்துச் செய்கிற எதுவும் அங்கே கொந்தரப்புத்தான். வாப்பா மேசன்பாஸாக இருந்த காலத்திலிருந்தே எங்கள் வீட்டுச் சோறு அதில்தான் வேகிறது.

சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் முதலில் ஆட்களை ஏற்ற வேண்டும். பிறகு மணல் வந்ததா, கம்பி வந்ததா என்ற விசாரணை. மணல் டிப்பர் தோட்டத்து வளைவில் திரும்பாது. அரை மைல் கீழே கொட்டிவிட்டுப் போய்விடுவான். அங்கிருந்து தலைச்சுமைதான். அந்தக் கூலியை எஸ்டிமேட்டில் எழுதினால் வீட்டுக்காரர் வேறு ஆளைப் பார்ப்பார், எழுதாவிட்டால் நான் கையைக் கடித்துக்கொள்ள வேண்டும். 2021 கடைசியில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய சீமெந்துப் பை அடுத்த வருஷம் 3,000 ரூபாயைத் தாண்டியபோது, பழைய விலைக்குப் பேசியிருந்த வேலைகளை முடிக்க மனைவியின் காப்பை விற்றேன். கணக்குத் தெரியாத மனுசன் என்றாள். பேசிய பேச்சை என்ன செய்வது?

ஆனால் நான் சொல்ல வந்தது சீமெந்தைப் பற்றியல்ல, மண்ணைப் பற்றி.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் 2011இல் ஒரு வீடு கட்டினேன். பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் மூன்று தலைமுறை கிடந்த குடும்பம். சரிவை வெட்டித் தளம் எடுத்தோம். வெட்டிய மண்ணுக்குத் தாங்குசுவர் இல்லை, பின்னால் தண்ணீர் போகக் கானும் இல்லை. காசு போதவில்லை. "பிறகு கட்டலாம்" என்றார் வீட்டுக்காரர். நானும் தலையாட்டினேன். தலையாட்டியது நான்தான், அதை வேறு யார் தலையிலும் போட முடியாது.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. இடம்பெயரச் சொல்லி முன்பே எச்சரித்திருந்தார்களாம். போவதற்கு இடம் இல்லாதவனுக்கு எச்சரிக்கை எதற்கு என்று அன்று எனக்குக் கோபம் வந்தது. கோபம் அடங்கிய பிறகு அந்தப் பசறை வீட்டின் பின்பக்கம் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததோடு சரி.

சில வருஷங்களுக்குப் பிறகு அதே வரிசையில், இரண்டு வீடு தள்ளி, ஓய்வுபெற்ற கொழுந்துக்கார அம்மா ஒருவர் கூப்பிட்டார். மகள் குவைத்தில். அத்திவாரம் வெட்டிய இரண்டாம் நாள் மூன்றடி ஆழத்தில் தண்ணீர் கசிந்தது. மழை பெய்து பத்து நாளாகியிருந்தது. வேலையை நிறுத்தினேன்.

"வீட்ட எட்டடி முன்னுக்கு எடுக்கணும் அம்மா. ஒரு அறை கொறையும். பின்னால கருங்கல் சுவரும் கானும் கட்டாம நான் கட்ட மாட்டேன்."

"செவத்துக்கே இம்புட்டுக் காசா? மவ டைல்ஸ் போடச் சொல்லியிருக்கா நானா. செவத்த யாரு வந்து பாக்கப் போறா?"

"யாரும் பார்க்க மாட்டாங்க."

"அப்ப வேற ஆளப் புடிச்சுக்கிறேன்."

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். நல்ல மனத்தோடு கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன், அந்த மாதம் வேறு வேலை இருக்கவில்லை. ஐந்தாம் நாள் மகளிடமிருந்து போன் வந்தது. "அம்மாகிட்ட சொல்லிட்டேன் நானா. டைல்ஸ் வேணாம். செவரு கட்டுங்க."

கட்டினேன். சுவருக்குப் பின்னால் சல்லி நிரப்பி, நாலடிக்கு ஒன்றாக இரண்டங்குலக் குழாய் வைத்தேன். தண்ணீரைத் தடுக்கப் பார்த்தால் அது சுவரையே தள்ளிவிடும். அதற்கு வழி விடவேண்டும். இதை வாப்பா சொல்லித்தான் தந்திருந்தார். 2011இல் மறந்துபோனேன் என்று எழுதத்தான் ஆசை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்தில் எத்தனை இடத்தில் மலை சரிந்தது என்பதை நீங்களும் அறிவீர்கள். பாதைகள் மூடிக் கிடந்தன, போன் எடுபடவில்லை. மூன்றாம் நாள் பாதித் தூரம் நடந்தே போனேன். அம்மாவின் வீட்டுக் குழாய்கள் ஒவ்வொன்றும் பைப்பைத் திறந்துவிட்டதுபோல் கொட்டிக்கொண்டிருந்தன. சுவர் நின்றது. அந்த அம்மா பேசவில்லை, தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

இரண்டு வீடு தள்ளி, நான் 2011இல் கட்டிய வீட்டின் குசினியை மண் நிறைத்திருந்தது. முந்தின இரவே பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர்கள் தப்பின, அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்காரர் மண்வெட்டியோடு நின்றார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"வாங்க நானா. பிறகு கட்டலாம்னோமே, அதுக்கு இப்ப எவ்வளவு போகும்?"

நான் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தேன். மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அவரிடம் நீட்டினேன்.