கண்ணாடிக்குள் ஒரு தேரை

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இறைவன் உணவளிக்கிறார் என்று மறையுரைகளில் நாம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அந்தத் தேரையின் உணவும் நீரும் ஒருநாள் நம் கைப்பொறுப்பாகும் என்று மட்டும் எண்ணியதில்லை.

கூத்தாநல்லூரில் நாம் பணியாற்றிய நாள்களில், ஓர் ஆவணி மாதத்தில், சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியிருந்த அண்டைவீட்டுப் பெரியவர் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். "மீனெல்லாம் செத்துப் போச்சு சாமி, தொட்டி சும்மாதான் கிடக்கு. பிள்ளைகளுக்கு ஆகும், வச்சுக்குங்க" என்றார். மறைக்கல்விக்கு வரும் சிறுவன் ஒருவன் அதைக் கண்டதும், "இதுல தேரை வளர்ப்போம் சாமி" என்றான். பங்கு இல்லக் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, விளக்கைப் போட்டதும் நம்மை முறைக்குமே, அந்த மரத்தவளையைத்தான் சொன்னான்.

குருமடத்தில் இறையியல் பயின்றோமேயன்றித் தேரை வளர்ப்பைப் பயிலவில்லை. நூல்களைப் புரட்டினோம். 1829-இல் இலண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிக் குடுவையில் இட்டு மூடிவைத்தாராம். அவர் எதிர்பார்த்தது பூச்சியை. மண்ணிலோ பெரணியும் புல்லும் முளைத்தன. மண்ணிலிருந்து எழுந்த ஈரமே கண்ணாடியில் பட்டு மீண்டும் மண்ணுக்கு இறங்கியது. இந்நாள் கண்ணாடித் தோட்டங்களின் தொடக்கம் அதுவே. பின்னர் சீனத்துத் தேயிலைக் கன்றுகள் கடல் கடந்து இந்தியா வந்ததும் அவர் பெயரால் வழங்கிய கண்ணாடிப் பெட்டிகளில்தான்.

நாமும் தொடங்கினோம். அடியில் இரண்டு அங்குலத்துக்கு உடைந்த ஓட்டுச் சில்லுகள். மிகுந்த நீர் அங்கே தங்கினால்தான் வேர் அழுகாது. அதன்மேல் கொசுவலைத் துண்டு, சிறிது அடுப்புக்கரி, பிறகு மண். வயல்மண்ணில் உரமும் பூச்சிமருந்தும் இருக்கக்கூடும் என்பதால், மக்கிய இலைமண்ணோடு தென்னைநார்க் கழிவைக் கலந்தோம். நார்க்கழிவில் உப்பு உண்டு. பலமுறை அலசாமல் இடலாகாது. கிணற்றுச் சுவரிலிருந்து பெரணியும் பாசியும் வந்தன. உபதேசியார் மணிபிளான்ட் கொடி கொண்டுவந்தார். ஏறுவதற்குக் கொய்யாக் கிளை, ஒளிவதற்குத் தேங்காய்ச் சிரட்டை. வெயில் படும் கண்ணாடி நம் ஊரில் அடுப்பாகிவிடும் ஆதலால் வடக்குத் தாழ்வாரத்தில் வைத்து, வலைமூடி போட்டோம். செடிகள் வேர்பிடிக்க ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை பொறுப்பதுதான் சிறுவனுக்கு (நமக்கும்) பெரும்பாடாயிற்று.

புரட்டாசியில் தேரை குடியேறியது. கையை நனைத்துக்கொண்டே அதைத் தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தோம். அதன் கண்களுக்கு இடைப்பட்ட அகலத்துக்கு மேற்படாத பூச்சிகளையே சிறுவன் தெருவிளக்கடியில் பொறுக்கி வந்தான். பத்து நாள் நலமாக இருந்தது. பதினோராம் நாள் காலையில் சிரட்டையருகே கால்களை நீட்டிக் கிடந்தது.

தேரை வாயால் நீர் அருந்துவதில்லை. வயிற்றுத் தோலால் உறிஞ்சுகிறது, தோலாலும் மூச்சுவிடுகிறது. இதையும் படித்திருந்தோம். ஆனால், மழைவெள்ளம் கிணற்றில் கலந்ததென்று மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகக் கலந்ததும், அந்நீரையே முந்திய மாலை செடிகளுக்குத் தெளித்ததும் நாமே. அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் போயிருக்கும்.

சிறுவன் வந்து நெடுநேரம் பார்த்தான். "நான் அழுத்திப் பிடிச்சதாலயா சாமி?" என்றான். நாம் விடை சொல்லவில்லை. "பள்ளிக்கு நேரமாகிறது, போ" என்றோம். அன்று மாலை ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்து பிறருடைய குற்றங்களைக் கேட்டபோது, நம் குற்றத்தைப் பத்து வயதுப் பிள்ளை சுமந்துகொண்டு திரிவது மனத்தை உறுத்தியது. மூன்று நாள் அப்படியே கழிந்தது. தேரைக்காக ஒரு குரு சிறுவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்ற வீண்பெருமையும் ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்? ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவனை அழைத்து, "தண்ணீரில் மருந்து கலந்தவர் நாம். உன் கை மேல் பிழையில்லை" என்றோம். அவன் சற்றே யோசித்து, "அப்ப அடுத்ததுக்குக் கிணத்துத் தண்ணி ஊத்துவோமா?" என்றான்.

அடுத்தது என ஒன்றைப் பிடிக்க நமக்கு மனம் வரவில்லை. மூடியை எடுத்துவிட்டுத் தொட்டியைக் கிணற்றடி நிழலுக்கு மாற்றினோம். மண்ணை ஒருபுறமாக ஒதுக்கி, மறுபுறம் மழைநீர் நிற்கவிட்டோம். சேம்பு ஒன்றை நட்டான். விடுதலைப் பயண நூலில் தவளைகள் எகிப்துக்கு வாதையாக வந்தன. நம் நாட்டு உழவனுக்கோ அவற்றின் குரல் வயலில் நீர் நிற்கிறது என்னும் செய்தி.

கார்த்திகை அடைமழையில் ஒரு விடியற்காலை சிறுவன் கதவைத் தட்டினான். தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, சோப்பு நுரை போல் வெண்ணிறக் கூடு ஒட்டியிருந்தது. மரத்தவளை தன் முட்டைகளை அவ்வாறு நுரைக்குள் பொதிந்து, நீருக்கு மேலேதான் வைக்கும். சில நாள்களில் கூடு இளகிற்று. தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாக நீரில் விழுந்தன. செய்தி கேட்டு அண்டைவீட்டுப் பெரியவரும் குடையோடு வந்து நின்றார். சிறுவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, விழுந்தவற்றை உரக்க எண்ணிக்கொண்டிருந்தான்.