அடுத்த ஊர்க் கடையை நம்பி ஒரு சைக்கிள்

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அந்தக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் தொங்கும் பழைய டயர்தான் அடையாளம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் போனபோது, என் சைக்கிள் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. சக்கரங்கள் இல்லை, செயின் இல்லை, சீட் இல்லை. வெறும் இரும்புச் சட்டம்.

1990களின் நடுவில் சித்தப்பா கல்லூரிக்கு ஓட்டிய எம்டிபி அது. ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் எல்லாம் பரவலாவதற்கு முந்தைய வகை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வீட்டுப் பின்கட்டில் சாய்ந்து கிடந்தது. அன்னவாசல் சாலையில் ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்குத் தினமும் போய்வர வேண்டும், அரையாண்டு விடுமுறையில் சுமையேற்றிக்கொண்டு ராமேஸ்வரம் வரை போக வேண்டும். இரண்டுக்கும் இதே சைக்கிள் போதும் என்று முடிவெடுத்து இங்கே கொண்டுவந்தேன்.

“புதுசு வாங்கினா ஆகாதா டீச்சர்?” என்று முதல் நாளே கடைக்கார அண்ணன் கேட்டார். அவருக்கு அறுபது வயதிருக்கும். ஓவராயில் என்ற சொல்லை இன்னும் அதன் முழு அர்த்தத்தில் சொல்பவர். கடைசி பால்ஸ் வரை கழற்றி, கழுவி, கிரீஸ் வைத்து மாட்டினால்தான் அவர் கணக்கில் அது ஓவராயில்.

“சட்டம் நல்லா இருந்தா இதுவே போதும்ணே” என்றேன்.

“அப்ப முதல்ல சட்டத்தைப் பார்ப்போம்.”

சீட் கம்பியை உருவி, டார்ச் அடித்துக் குழாய்க்குள் பார்த்தார். ஸ்பானரின் பின்புறத்தால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் கணீரென்றது. பெடல் அச்சு ஓடும் கூட்டுக்கு மேலே வந்ததும் ஓசை சற்று மங்கியது. கப்பைக் கழற்றிச் சட்டத்தைக் கவிழ்த்தபோது உள்ளங்கையளவு துருப்பொடி கொட்டியது. இரும்பு சைக்கிளுக்கு எமன் வெளியில் தெரியும் துரு அல்ல. சீட் கம்பி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் இந்தக் கூட்டில்தான் தேங்கும். அண்ணன் சுரண்டிப் பார்த்துவிட்டு, “மேலாகத்தான் இருக்கு. உசுரு போகல” என்றார். கூட்டின் அடியில் நாலு மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டார். இனி இறங்கும் தண்ணீர் அதன் வழியே போய்விடும்.

இரும்பின் மேல் எனக்குள்ள நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. அலுமினியத்தின் எடை இரும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அதன் விறைப்பும் அதே விகிதத்தில் குறைவு. அதனால்தான் அலுமினியச் சட்டங்களின் குழாய்கள் பருமனாக இருக்கின்றன. அதைவிட முக்கியம் ஒன்றிருக்கிறது. இரும்புக்கு ஒரு தாங்கும் எல்லை உண்டு. அதற்குட்பட்ட அதிர்வுகளை எத்தனை லட்சம் முறை வாங்கினாலும் அது சோர்வதில்லை. அலுமினியத்துக்கு அப்படி எல்லை இல்லை. சிறு அதிர்வும் அதன் ஆயுள் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். இரும்பு வளைந்தால் நிமிர்த்தலாம், விரிசல் விட்டால் ஒட்டலாம். ஒட்டத் தெரிந்தவர் பெரும்பாலும் அடுத்த தெருவிலேயே இருப்பார்.

எங்களுக்கும் அடுத்த தெருவில்தான் இருந்தார். சுமையேற்றும் கேரியரைப் பூட்ட இந்தச் சட்டத்தில் காது இல்லை. பின் சக்கரம் உட்காரும் இடத்துக்கு மேலே இரண்டு, சீட்டுக்குக் கீழே இரண்டு என்று நாலு காதுகள் வேண்டும். கேஸ் வெல்டிங் செய்பவரிடம் சட்டத்தைத் தூக்கிப் போனோம். “ஆர்க் வேண்டாம், குழாய் மெலிசு, ஓட்டை விழுந்துடும். பித்தளை வச்சு ஒட்டுங்க” என்று அண்ணன் சொன்னார். சுடரில் இரும்பு சிவந்தது. பித்தளைக் கம்பியின் நுனி உருகி, தேன் போல இடுக்கில் ஓடி நின்றது. இரும்பு உருக 1,500 டிகிரிக்குப் பக்கத்தில் வேண்டும். பித்தளைக்குச் சுமார் 900 போதும். சட்டம் உருகாமலேயே காது பிடித்துக்கொண்டதன் சூட்சுமம் இதுதான்.

வெல்டிங்காரர் ஒரு யோசனை சொன்னார். “லேடீஸ் ஓட்டுறதுதானே? இந்தப் பாரை அறுத்துக் கீழே இறக்கி ஒட்டித் தரட்டுமா?”

வேண்டாம் என்றேன். பாரை எடுத்தால் இரண்டு முக்கோணமாக நிற்கும் சட்டத்தின் கட்டு குலைந்துபோகும். பின்னால் பன்னிரண்டு கிலோ ஏற்றினால் சைக்கிள் வாலாட்டும். இது தொழில்நுட்பக் காரணம். மற்றது வீட்டுக் காரணம். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, இந்த மாவட்டத்தின் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் விரிவாக எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது கூடுதல் வசதி. அப்படி ஓட்டியவர்களில் என் அம்மாவும் ஒருவர். அந்தப் பாரில் உட்கார்ந்து போன பிள்ளை நான்.

ஒட்டு ஆறிய பிறகு குழாய்களுக்குள் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, எல்லாப் பக்கமும் திருப்பி, மீதியை வடித்தோம். காய்ந்தால் உள்ளே தோல் மாதிரிப் படியும். துருவுக்கு அது தடுப்பு. ஒரு வாரம் கடைச் சுவரில் தொங்கவிட்டு, பிரைமரும் கறுப்புப் பெயின்ட்டும் அடித்து முடித்திருந்தார். இந்தச் சனிக்கிழமை மாட்டும் வேலை.

முதலில் சக்கரம். சைக்கிளில் 26 என்ற எண் பலரை ஏமாற்றும். எம்டிபியின் 26-க்கு ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மில்லிமீட்டர். நம் ஊரில் ஓடும் இன்னொரு 26, அதாவது 26 × 1⅜, 590 மில்லிமீட்டர். பெயர் ஒன்று, ஒன்றின் டயர் மற்றதற்கு ஏறாது. டயரின் பக்கவாட்டில் 47-559 என்று பொறித்திருப்பார்கள்; அகலமும் விட்டமும் அதில் இருக்கும். அதைப் படித்து வாங்கினால் ஏமாற வழியில்லை. பெரிய சக்கரத்துக்கு மாறலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: “தேவிபட்டினம் தாண்டி ஒரு கிராமத்துல டயர் கிழிஞ்சா, எது கிடைக்கும்?” 26-ஐ வைத்துக்கொண்டோம். முள் டயரை மட்டும் எடுத்துவிட்டு, வழவழப்பான 1.75 போட்டோம்.

ஓர் இடத்தில் இரும்பை விட்டுக்கொடுத்தோம். பழைய ரிம் குரோம் பூசிய இரும்பு. மழையில் நனைந்தால் பிரேக் கட்டை அதில் வழுக்கும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. அலுமினிய ரிம் ஈரத்திலும் பிடிக்கும். 36 துளை அலாய் ரிம்மில் புது ஸ்போக்ஸ் கோத்து, அண்ணன் கோட்டம் எடுக்க உட்கார்ந்தார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டை அருகில் விரலை வைத்து, எங்கே உரசுகிறதோ அங்கே நிப்பிளைக் கால் சுற்று திருகுவார். ஃப்ரீவீலுக்கு இடம்விட வேண்டியிருப்பதால் பின் சக்கரத்தில் வலப்பக்கக் கம்பிகள் அதிக விறைப்பில் நிற்கும். ஒடிந்தால் பெரும்பாலும் அங்கேதான் ஒடியும். அதே நீளத்தில் மூன்று கம்பிகளை எடுத்து, பின் ஃபோர்க்கோடு சேர்த்து டேப் சுற்றிவைத்தார்.

கியர் விஷயத்தில் கொஞ்சம் வாதம் நடந்தது. எனக்கு நிறைய பல்லும் கிளிக் லீவரும் ஆசை. அவர் முன்னால் 28-38-48 பல், பின்னால் 14 முதல் 28 பல் வரை ஆறு பல்சக்கரம் கொண்ட திருகு ஃப்ரீவீல் போதும் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தச் சக்கரத்தின் சுற்றளவு 2.05 மீட்டர். 28-28 போட்டால் ஒரு மிதிக்கு அவ்வளவு தூரம்தான் நகரும். சுமையோடு மேட்டில் ஏற அது ஏற்றது. 48-14 போட்டால் ஒரு மிதிக்கு ஏழு மீட்டர். நடுவில் 38-18 போட்டு நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல். பள்ளிக்கு முப்பத்தைந்து நிமிடம். லீவருக்கு அவர் எடுத்துவைத்தது கிளிக் இல்லாத கட்டைவிரல் லீவர். எந்த ஊரில் எந்த ஃப்ரீவீல் கிடைத்தாலும் அது ஒத்துப்போகும். கிளிக் லீவருக்கு அதன் அளவுக்கே ஆன சாமான் வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் போக்கு எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரே கேள்விதான்: இது போனால் வழியில் யார் சரிசெய்வார்? பழைய கேன்டிலிவர் பிரேக்கையே வைத்தார். வி பிரேக் மாற்றினால் கேபிளை அதிகம் இழுக்கும் லீவரும் மாற்ற வேண்டும். கேரியருக்கும் மட்கார்டுக்கும் தேடித் தேடி எட்டாம் நம்பர் ஸ்பானர் போல்ட்டுகளையே போட்டார். இருசு நட்டுக்கும் பெடலுக்கும் பதினைந்து. இரண்டு ஸ்பானர், ஒரு ஆலன் சாவி, ஸ்போக் சாவி, இரண்டு டயர் லீவர், சொல்யூஷன், பேட்ச், பம்ப். என் மொத்தப் பட்டறை ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிட்டது.

இடது பெடலை நானே மாட்டுகிறேன் என்றேன். “எதிர்ப்பக்கம் திருகணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். மரை சரியாகப் பிடித்ததும் தலையாட்டினார். செயினை அளக்கவும் கற்றுக்கொடுத்தார். புதுச் செயினில் இருபத்துநாலு கண்ணி சரியாகப் பன்னிரண்டு அங்குலம். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு வரை விட்டால் பல்லையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பின்னோக்கி வளைந்த ஹேண்டிலும், ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டும் ஏறியபோது மணி ஐந்து. குதிகாலைப் பெடலில் வைத்தால் முழங்கால் நேராகும் உயரத்தில் சீட்டை இறுக்கினார்.

மறுநாள் விடியற்காலை, பக்கத்துக்கு ஆறு கிலோவாகப் புத்தகங்களை இரண்டு பைகளில் கட்டிக்கொண்டு திருமயம் கிளம்பினேன். இருபது கிலோமீட்டர். தைலமரக் காடும் வறண்ட கண்மாயுமாக நீளும் பாதை. பத்து கிலோமீட்டருக்குப் பிறகுதான் வண்டியைப் பற்றிய நினைப்பு போய், ஓட்டத்தில் மனம் நின்றது. வேகத்தடையில் இரும்பு லேசாகக் கொடுத்து வாங்கியது. தோள் இறுகவில்லை, மணிக்கட்டு வலிக்கவில்லை.

பதினான்காவது கிலோமீட்டரில் பின்னால் கடகடவென்று சத்தம். கேரியரின் ஒரு போல்ட் கழன்று விழுந்திருந்தது. முந்தின நாள் நான் முடுக்கிய போல்ட்தான். இரண்டாம் முறை இறுக்கிப் பார்க்கத் தவறியிருக்கிறேன். அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனேன். டீக்கடை ஓரத்தில், வேப்பமரத்தடியில் ஒரு பஞ்சர் கடை. அங்கிருந்த பெரியவர் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைச் சாக்கின்மேல் கவிழ்த்தார். நட்டும் போல்ட்டுமாக ஒரு குவியல். விரலால் துழாவி ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தார். பிடித்தது. என் பையிலிருந்த எட்டாம் நம்பர் ஸ்பானரே அதற்கும் போதுமானதாக இருந்தது. வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “எல்லாம் நம்ம சாமானாத்தான் போட்டிருக்கு” என்றார். பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.

திருமயத்தில், 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டையின் அடியில் வண்டியை நிறுத்தி, மற்ற மூன்று போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக இறுக்கினேன். ஐந்நூறு கிராம் குறைப்பதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு அது சரி. வேலைக்கும் ஊர்ப்பயணத்துக்கும் ஓட்டுகிறவருக்கு, வேப்பமரத்தடிப் பெரியவரின் பாட்டிலில் தன் வண்டிக்கான போல்ட் இருக்கிறதா என்பதே கணக்கு.

மதியம் வீடு திரும்பியபோது அம்மா வாசலில் நின்றிருந்தார். டயரை அழுத்திப் பார்த்தார், பாரைத் தடவிப் பார்த்தார். போல்ட் கதையைச் சொன்னேன்.

“எங்களுக்கு ஓட்டத்தான் சொல்லிக்கொடுத்தாங்க. பஞ்சர் ஒட்ட நாங்களே கத்துக்கிட்டோம். உனக்குத் தெரியுமா?”

பின் சக்கரத்தைக் கழற்றி டியூபை உருவி எடுத்தேன். அம்மா ஒரு வாளித் தண்ணீரும் உப்புத்தாளும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.