இலுப்பைக்கடவையில் ஒரு றலி சைக்கிள்

மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து, பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ-32 வீதியில் வடக்கே போனால், விடத்தல்தீவையும் பள்ளமடுவையும் தாண்டி வருவது இலுப்பைக்கடவை. மேற்கே கண்டல் காடும் கரையோரச் சேற்று நிலமும் கடலும், கிழக்கே வயலும் குளமும். இலுப்பை மரமும், கடந்து செல்லும் வழியைக் குறிக்கும் கடவையும் சேர்ந்து இந்த ஊரின் பெயராகியிருக்கின்றன. இலுப்பைக் கொட்டையின் எண்ணெய் விளக்கெரிக்கவும், அதன் பிண்ணாக்கு தலை முழுகவும் உதவியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இப்போது அந்த வீதியில் போகிறவர்களுக்குக் கண்ணில் படுவது வேறு காட்சிகள். வழுவழுப்பான தார் வீதி, மின்கம்பிகள், முச்சக்கர வண்டிகள், மோட்டார் சைக்கிள்கள், ஒவ்வொரு கையிலும் தொலைபேசி. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணத்துக்கு நேரே பஸ்ஸில் போய்விடலாம். முன்பு அந்த இடத்தில் மனிதரையும் வாகனத்தையும் ஏற்றி இறக்கிய மிதவையை எங்கள் மக்கள் "பாதை" என்றே அழைத்தார்கள். இன்றைய பிள்ளைகளிடம் "பாதையில் ஏறிப் போனோம்" என்று சொன்னால் சிரிப்பார்கள்.

மாதர் சங்கக் கூட்டம் ஒன்றுக்காக நான் அங்கு போயிருந்தேன். கூட்டம் முடிந்து தேநீர் வந்தபோது, "முந்தி எங்கட ஊரில இருந்து இப்ப இல்லாமல் போன சாமான்கள் என்ன?" என்று கேட்டேன். பேச்சை வளர்க்கத்தான் கேட்டேன். ஒருவர் கிடுகு வேலி என்றார். ஒருவர் அரிக்கன் லாம்பு என்றார். இன்னொருவர் ஜாம் போத்தல் விளக்கு என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் இருந்த எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் எதுவும் பேசவில்லை. மடியிலிருந்து ஒரு பழைய கொட்டைப்பெட்டியை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு சிறிய தகட்டை என் கையில் வைத்தார்.

"இஞ்ச பாருங்கோ பிள்ளை, இது என்னெண்டு தெரியுதோ?"

தேய்ந்துபோன தகடு. நடுவில் ஒரு கொக்கின் தலை. கீழே ஆங்கில எழுத்துகள் பாதி அழிந்திருந்தன. அது றலி சைக்கிளின் முன்பக்கத்தில் பதித்திருக்கும் தகடு.

றலி என்பது இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் நகரில் செய்யப்பட்ட சைக்கிள். கொக்குத் தலைதான் அதன் அடையாளம். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்திலும் அதற்குப் பின்னரும் கப்பலில் வந்து, இலங்கையின் கிராமங்கள் வரை அது போய்ச் சேர்ந்தது. அந்த அம்மா சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் அவருடைய தகப்பனார் ஒன்று வாங்கினாராம். பிறகு 1970 முதல் 1977 வரை வெளிநாட்டுப் பொருட்களின் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. கையில் இருந்ததைத் திருத்தித் திருத்திப் பாவிக்க மக்கள் அப்போதே பழகிவிட்டார்கள்.

அதற்கும் மேலாக வந்தது யுத்தகாலப் பொருளாதாரத் தடை. 1990க்குப் பிறகு வன்னிக்குப் பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து போன்றவை வருவது தடுக்கப்பட்டது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது போல, இங்கிலாந்திலேயே வீதியை விட்டு மறைந்துகொண்டிருந்த பழைய பொருட்கள் எங்களுக்குக் கைகொடுத்தன. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்களைச் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தப் புகையின் மணம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது. மொறிஸ் மைனர் கார் செய்வதை இங்கிலாந்து 1970களின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டது. எங்களிடமோ அது 1990களிலும் கலியாண ஊர்வலத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும், பிரேதம் ஏற்றவும் ஓடியது.

றலி சைக்கிள் அதைவிடப் பெரிய வேலை செய்தது. பற்றரி இல்லாத வீட்டில் வானொலி கேட்க வேண்டுமென்றால், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலியைப் பேச வைப்பார்கள். இரவில் அயலவர்கள் கூடி லண்டன் பி.பி.சி. தமிழோசை கேட்பார்கள். எங்கே குண்டு விழுந்தது, எந்த வீதி மூடியது, யார் யாரோடு பேசுகிறார்கள் என்றெல்லாம் கேட்டறிந்தது அப்படித்தான். 1941இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றுவிட்டது. இன்று செய்தி கைத்தொலைபேசியில் வருகிறது. ஆளுக்கொரு மூலையில் இருந்து பார்க்கிறோம்.

"பெடல் சுத்தினது நான்தான் பிள்ளை" என்றார் அந்த அம்மா. "ஆம்பிளையள் சுத்திவர இருந்து கேட்பினம், பேசுவினம். கை நோகுதோ எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை. ஆனால் செய்தி முழுக்க என்ட காதிலயும் விழுந்தது. அடுத்த நாள் எங்க ஓட வேணுமெண்டு முதல் சொன்னது நான்."

பழைய காலத்தை நினைக்கும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சு வைத்து, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு, சிறு திரியில் எரித்த விளக்கு இன்று பேச இனிமையாகத்தான் இருக்கிறது. அந்த வெளிச்சத்தில் படித்த பிள்ளைகளின் கண்ணெரிவும், சமைத்த தாய்மாரின் இருமலும் இனிமையானவை அல்ல. நாங்கள் ஏங்குவது அந்த விளக்குக்காக அல்ல, அதைச் சுற்றி இருந்தவர்களுக்காக.

இன்னொரு காட்சியையும் அன்று பெண்கள் நினைவுபடுத்தினார்கள். விடத்தல்தீவிலிருந்து சைக்கிளின் பின்னால் துணிப் பொதியைக் கட்டிக்கொண்டு வரும் முஸ்லிம் வியாபாரி. மணிச் சத்தம் கேட்டால் பெண்கள் படலைக்கு வந்துவிடுவார்களாம். காசை நெல்லு வெட்டியபிறகு கொடுக்கலாம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது அந்த மணிச் சத்தமும் நின்றது. "எங்கட கலியாணச் சீலையும் அவரிட்டத்தான் எடுத்தது. போகேக்க ஒரு சொல்லுச் சொல்ல எங்களால முடியேல்லை" என்றார் ஒருவர். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒரு ஊரின் காட்சிகள் குண்டு விழுந்து மட்டும் அழிவதில்லை. பக்கத்தில் நின்றவர் துரத்தப்பட்டபோது நாங்கள் வாய் திறக்க முடியாமல் நின்றதாலும் சில காட்சிகள் அழிந்தன.

2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கைக் காலத்தில் தடை தளர்ந்தது. புதிய மோட்டார் சைக்கிள்கள் வந்தன. அதே ஆண்டில்தான் நொட்டிங்ஹாமிலும் றலி சைக்கிள் செய்வதை நிறுத்தினார்கள். ஆனாலும் அந்த அம்மாவின் வீட்டில் றலி நின்றது. மகன் அதில்தான் வேலைக்குப் போய் வந்தான். ஆணி கழன்று விழப்பார்த்த தகட்டை அவன் கழற்றி, "அம்மா, பத்திரமா வையுங்கோ, பிறகு பூட்டுவம்" என்று கொடுத்தானாம்.

பிறகு பூட்டக் கிடைக்கவில்லை. 2008 ஜூலையில் இராணுவம் இலுப்பைக்கடவைக்குள் வந்தபோது ஊர் வெறுமையாகியிருந்தது. முழங்காவில், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஓடிய பாதை உங்களில் பலருக்கும் தெரிந்ததுதான். அரிசி மூட்டையும் பானை சட்டியும் தறப்பாளும் அந்தச் சைக்கிளில்தான் போயின. மகன் அதை உருட்டிக்கொண்டு முன்னே போனான். 2009இன் தொடக்கத்தில் ஒரு நாள் தண்ணீர் எடுத்துவரச் சைக்கிளோடு போனவன் திரும்பவில்லை. தாய் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்தபோது கையில் இருந்தது கொட்டைப்பெட்டி மட்டும்.

"எத்தினை இடத்தில பதிஞ்சிட்டன் பிள்ளை. பேர் கேட்டினம், வயசு கேட்டினம், அடையாள அட்டை இலக்கம் கேட்டினம். நான் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால், அது தேவையில்லை அம்மா எண்டு சொல்லிப்போட்டினம். அந்த நேரம் றலியோட திரிஞ்சவை எத்தினை பேர்? ஆளை மறந்தாலும் அந்தப் பழைய சைக்கிளைக் கண்டவை மறந்திருக்க மாட்டினம். சைக்கிளைக் கண்டவை இருந்தால் அவனையும் கண்டிருப்பினம்தானே?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. சமூகவியல் படித்த எனக்கு, படிவம் நிரப்பத் தெரியும். வீடு, கிணறு, மாடு, வள்ளம், வலை என்று இழப்புகளை நிரல்படுத்தத் தெரியும். நானும் பல தாய்மாரிடம் "அது தேவையில்லை அம்மா" என்று சொல்லியிருக்கிறேன். அன்று அந்தத் தகட்டைக் கையில் வைத்திருந்தபோதுதான், பழங்கதை என்று நான் ஒதுக்கியவை அவர்களுக்குச் சாட்சியங்கள் என்று விளங்கியது. ஒருவரை நாங்கள் அடையாளம் காண்பது அடையாள அட்டை இலக்கத்தால் அல்ல. அவர் ஓடிய சைக்கிளால், அதன் மணிச் சத்தத்தால், சாரம் கட்டும் விதத்தால்.

அன்று சங்கத்தில் ஒரு கொப்பி வாங்கினோம். ஊரில் முன்பு இருந்தவற்றை, அவற்றோடு இருந்த மனிதர்களைச் சேர்த்து, ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எழுதுவதென்று முடிவாகியது. எழுதத் தெரியாதவர் சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். இதற்குப் பணம் தேவையில்லை, திட்டம் தேவையில்லை. சகோதரிகளே, உங்கள் ஊரிலும் இதைச் செய்யலாம். சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

எங்கள் கொப்பியின் முதற் பக்கத்தில் அந்த அம்மா சொன்னதை நானே எழுதினேன். "கறுப்பு நிற றலி சைக்கிள். பின்னால் பெரிய கரியர். முன்பக்கத்தில் தகடு இல்லை." வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு தகட்டை வாங்கிக் கொட்டைப்பெட்டிக்குள் வைத்தபடி சொன்னார்:

"தகடு தாயிட்ட இருக்குதெண்டும் எழுதுங்கோ பிள்ளை."