விழுந்து எழும் ரோபோவும் எங்க ஊர் மருந்து ரூமும்

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் இது தெரியும். ரோபோ கோல் போடும் வீடியோவைவிட, ரோபோ தடுக்கி விழும் வீடியோவைத்தான் மக்கள் தேடிப் பார்ப்பார்கள். 2025 ஜூன் மாதம் பெய்ஜிங்கில், அணிக்கு மூன்று ரோபோக்கள் என்று ஒரு கால்பந்துப் போட்டி நடந்தது. சீன வேளாண் பல்கலைக்கழக அணியை 5-3 என்ற கணக்கில் சிங்ஹுவா பல்கலைக்கழக அணி ஜெயித்தது. ஆனால் நம் வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றியது அந்த ஸ்கோர் இல்லை. விழுந்து கிடந்த ரோபோவை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போன காட்சிதான். நீங்களும் பார்த்துச் சிரித்திருப்பீர்கள்.

நான் விருதுநகர் மாவட்டத்துப் பெண். எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ‘பட்டாசு ஆபீஸ்’தான். என் பெரியம்மா பல வருஷமாக அங்கே மருந்து செலுத்தும் வேலை பார்க்கிறார். தீபாவளி முடிந்து ஆபீஸ் அடைத்திருந்த ஒருநாள், அந்த வீடியோவை அவருக்குக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

“ஏ பாப்பா, இது விழுறப்ப தரையில உரசுமே, ஒண்ணும் ஆகாதா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘மருந்துகளுக்கு இடையே உராய்வு ஏற்பட்டு வெடிவிபத்து’ என்ற வரியை டெஸ்க்கில் எத்தனையோ முறை டைப் செய்திருக்கிறேன். பெரியம்மாவுக்கு அது செய்தி வரி இல்லை. தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு கூடவே எடுத்துக்கொண்டு போகும் பயம். அவர் கேட்டதற்குப் பதில் தேடித்தான் ரோபோ கால்பந்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

ரோபோகப் என்ற இந்த உலகப் போட்டி 1997-ல் ஜப்பானின் நகோயாவில் தொடங்கியது. 2050-க்குள் மனிதர்களின் உலகக் கோப்பை சாம்பியனை ரோபோ அணி தோற்கடிக்க வேண்டும் என்பதுதான் அதன் இலக்கு. மனித உருவ ரோபோக்களுக்கான பிரிவு 2002-ல் ஃபுகுவோகாவில் வந்தது. அப்போது ஒற்றைக் காலில் நிற்பதே ஒரு போட்டி!

அங்கிருந்து இன்றுவரை வந்த தூரத்தைப் புரிந்துகொள்ள, ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக அணியான ‘நிம்ப்ரோ’வைப் பார்த்தால் போதும். பேராசிரியர் ஸ்வென் பென்கே வழிநடத்தும் அணி இது. பெரிய ரோபோக்கள் பிரிவில் 2017, 2018, 2019, 2022, 2023 என ஐந்து முறை சாம்பியன். இவர்கள் பயிற்சியில் கோல் அடிப்பது மட்டும் கிடையாது. கயிற்றில் தொங்கும் எடையை இழுத்துவிட்டு ரோபோவின் மேல் மோத விடுவார்கள். இடி வாங்கிய ரோபோ, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சென்சார் மூலம் அறிந்து, அடுத்த காலை எங்கே வைத்தால் விழாமல் இருக்கலாம் என்று கண நேரத்தில் கணக்குப் போட வேண்டும். ரிமோட் கிடையாது. மேட்ச் நடக்கும்போது ஒவ்வொரு பெரிய ரோபோவின் பின்னாலும் ஓர் ஆள் கையை நீட்டியபடியே நடப்பார். நடை பழகும் குழந்தைக்குப் பின்னால் அம்மா போவது மாதிரி.

2024-ல் பட்டம் அமெரிக்காவின் யூசிஎல்ஏ அணிக்குப் போனது. 2025-ல் பிரேசிலில் சிங்ஹுவா அணி வென்றது. நம் நாட்டிலும் முயற்சி நடந்திருக்கிறது. ராஜஸ்தானின் பிலானியில் உள்ள பிட்ஸ் மாணவர்கள் ‘அச்யுத்’ என்ற பெயரில் வரிசையாக மனித உருவ ரோபோக்களைச் செய்து, ரோபோகப்பைக் குறிவைத்து உழைத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. அச்சுதன், அதாவது நழுவாதவன். அடிக்கடி விழும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது!

சரி, பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம். இன்றைய கால்பந்து ரோபோவை மருந்து ரூமுக்குள் விட முடியாது. மோட்டார் சூடாகும், ஒயரில் பொறி வரலாம், உள்ளே லித்தியம் பேட்டரி வேறு. அது விழுந்தால் மைதானத்தில் சிரிப்பு. மருந்து ரூமில் ஷெட்டே இருக்காது. தவிர, மருந்து செலுத்த இரண்டு கால் எதற்கு? சுவருக்கு அந்தப் பக்கம் பாதுகாப்பான ஓர் இயந்திரக் கை போதும்.

இதைச் சொன்னதும் பெரியம்மா, “அப்ப எங்க கைக்கு என்ன வேலை? தீப்பெட்டிக்கு மிஷின் வந்தப்ப எத்தனை பேரு வீட்ல உக்காந்தாங்க, தெரியும்ல?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உயிரா, கூலியா என்று அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தப்பு.

ஆனால், யார் கூலியையும் பறிக்காத ஒரு வேலை ரோபோவுக்கு இங்கே காத்திருக்கிறது. 2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டி. ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆபீஸில் வேலை பார்த்தவர்களே இல்லை. சத்தம் கேட்டு ஓடி வந்து, அடுத்த வெடிப்பில் சிக்கியவர்கள். வெடித்துக்கொண்டே இருக்கும் இடத்துக்குள் தீயணைப்பு வீரர்கூட உடனே நுழைய முடியாது. முதலில் ஓர் இயந்திரம் உள்ளே போய், யார் எங்கே கிடக்கிறார் என்று பார்த்துச் சொன்னால்?

இது கற்பனை இல்லை. 1995 கோபே பூகம்பத்தின் பாதிப்பில் பிறந்ததுதான், ரோபோகப்பில் 2001-ல் தொடங்கிய மீட்பு ரோபோ பிரிவு. 2011 ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, அமெரிக்கா பேரிடர் ரோபோக்களுக்கு ஒரு போட்டி வைத்தது. 2015-ல் நடந்த அதன் இறுதிச் சுற்றில் பான் பல்கலைக்கழகக் குழு நான்காவது இடம் பிடித்தது. அவர்கள் கொண்டுபோன ரோபோவுக்கு நான்கு கால்கள், நுனியில் சக்கரங்கள். மைதானத்தில் விழுந்து விழுந்து கற்றவர்களுக்கு, எங்கே இரண்டு கால் வேண்டாம் என்பதும் தெரிந்திருக்கிறது.

சிவகாசியிலும் கிருஷ்ணன்கோவிலிலும் பெரிய இன்ஜினீயரிங் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே ரோபோட்டிக்ஸ் படிக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பந்து உதைக்கும் ரோபோவைத் தாராளமாகச் செய்யுங்கள். அதோடு ஒருநாள் பக்கத்துப் பட்டாசு ஆபீஸுக்குப் போய், உடைந்த ஓடும் செங்கல்லும் கலந்த தரையில் அது எத்தனை அடி நடக்கிறது என்று பாருங்கள். கட்டாயம் விழும். எப்படி எழுகிறது என்று எழுதி வையுங்கள்.